அறுபத்து மூன்றாம் மரம்

கல்பாவில், உப்பங்கழிக்கும் மலைக்கும் நடுவே
கம்பிவேலி போட்ட காட்டில்
ஒவ்வொரு மரத்துக்கும் தகரத்தில் ஓர் எண்.
காஃப் என்பார்கள் இங்கே. நம் வன்னிதான்.
ஏப்ரல் முடிவதற்குள்
மின்கம்பியைத் தொடும் கிளையெல்லாம்
இறங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு.

தூக்குவண்டிக் கூடையில் ஏறி
ரம்பத்தை முடுக்குமுன்
ஹெல்மெட்டில் ‘டக்’கென்று ஓர் அடி.
கல் என்று நினைத்தேன்.
திரும்பி வந்தபோது அதற்கு மஞ்சள் கண் இருந்தது.

வல்லூறு.

கவையில் ஒரு சாண் அகலத்துக்குச் சுள்ளி.
இவ்வளவு கோபத்துக்கு
இவ்வளவு மோசமான வீடா?
கீழிருந்து பார்த்தால் கூட்டுக்குள்ளேயே வானம் தெரியும்.
நாலு முட்டை,
சுண்ணாம்பில் ஒரு துளி நீலம் விழுந்த நிறம்.
ஓரத்துச் சுள்ளி ஒன்றின் முனை மட்டும்
சாய்வாக, வழவழவென்று அறுபட்டிருந்தது.
அந்தச் சாய்வு என் கை.
பிப்ரவரியில் நாற்பதாம் மரத்தடியில்
நான் அள்ளாமல் விட்டு வந்தது.

இறங்கிப் பதிவேட்டில் எழுதினேன்:
63 – ஏணி எட்டவில்லை.

தாஜுல் இஸ்லாம் படித்தார்.
பதினாலு மீட்டர் போகும் வண்டி.
கூடு இருப்பது ஏழில்.
வண்டியை ஒருமுறை பார்த்தார்,
மரத்தை ஒருமுறை.
தன் பேனாவில் மை இல்லையென்று
என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு மதியச் சோறு அந்தப் பக்கம்தான்.
ஆண் சின்னது, சிவந்த கண்.
கூட்டுக்கு வராது.
நாலு மரம் தள்ளி உட்கார்ந்து குரல் கொடுக்கும்.
பெட்டை எழுந்து போய்
பல்லியையோ சிட்டையோ வாங்கிக்கொண்டு
நின்று ஒரு வார்த்தை பேசாமல் திரும்பும்.
‘நம்ம கம்பெனி ஆளு’ என்றார் தாஜுல்.
நான் சிரிக்கவில்லை.
அது ஒரு நாளைக்கு
எட்டுத் தடவை வருகிறது.

மே பிறந்ததும் நாற்பத்து நாலு டிகிரி.
பெட்டை இப்போது உட்காருவதில்லை.
வெயில் விழும் பக்கம் நின்று
சிறகைப் பாதி விரித்து
அலகைத் திறந்து
நிழல் நகர நகர நகர்கிறது.
குடை மாதிரி என்று சொல்ல வந்தேன்.
குடைக்கு இப்படி மூச்சு இரைக்காது.

நாலாவது பொரிந்தபோது
மூத்தவை மூன்றும் கழுத்தை நீட்டக் கற்றிருந்தன.
பதினோராம் தேதி
தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி எண்ணினேன்: மூன்று.
மறுபடி எண்ணினேன்.
கூட்டில் எந்தக் கலவரமும் இல்லை.
பெட்டை இறைச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தது,
மூன்று வாய்க்கும் அளவாக.
மரத்தடியில் எறும்புகள் ஒரே வரிசையில் போயின.
அன்று மட்டும்
அந்த வாய்க்காலுக்கு நான் குழாயைத் திறக்கவில்லை.
ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

மே இருபத்தெட்டு.
ஒரு குஞ்சு பறந்து வந்து
தூக்குவண்டிக் கூடையின் விளிம்பில் அமர்ந்து
எச்சமிட்டுவிட்டுப் போனது.
துடைக்காதே என்றார் தாஜுல்.

ஜூலையில் உத்தரவு மறுபடி வந்தது.
இந்த முறை ஏணி எட்டியது.
கிளை விழுந்ததும் கூடு தானாகவே பிரிந்தது.
உள்ளே ஒரு நீலக் கேபிள் பட்டை,
மைனாவின் ஒற்றைக் கால்,
கொஞ்சம் வெள்ளைத் தூவி.
சாய்வாக அறுத்த சுள்ளியைத் தேடினேன்.
எல்லாமே என் ரம்பம் பட்டதுபோலத்தான் இருந்தன.

வல்லூறு பழைய கூட்டை நம்பாதாம்.
அடுத்த சித்திரையில்
பக்கத்தில் எங்காவது புதிதாகக் கட்டும்,
அதையும் இதே லட்சணத்தில்.
பதிவேட்டில் அடுத்த வருடப் பக்கம்
காலியாகக் கிடக்கிறது.
அறுபத்திரண்டா, எழுபதா, நாற்பதேதானா,
எந்த எண்ணுக்கு நேராகப்
பொய்யை எழுதிவைப்பது?